அடா கார்வேக்குப் போட்ட மாலை

1991 மார்ச் 5, செவ்வாய்

தூறல். இதை மழை என்று ஊருக்கு எழுதினால் சிரிப்பார்கள். பகல் முழுவதும் கார் நிறுத்துமிடத்தின் கண்ணாடிக் கூண்டில். இன்று நான் பேசியவை: தாங்க் யூ. தாங்க் யூ. மெஷின் பழுது. தாங்க் யூ. யாழ்ப்பாணத்தில் வாரம் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதி மந்திரிகளின் பகையைச் சம்பாதித்தவன். இங்கே பகைக்கக்கூட ஆளில்லை.

வேலை முடிந்து வால்தம்ஸ்டோ நூலகம். சனிக்கிழமை மௌனப்படம் ஒன்று காட்டுகிறார்களாம். அதற்குமுன் நாயகியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று நூலகப் பெண் கேட்டார். நான் திரும்பத் திரும்ப எடுக்கும் மௌனப்பட நடிகைகள் பற்றிய புத்தகத்தை வேறு யாரும் எடுப்பதில்லையாம். சம்மதித்தேன். பத்து நிமிடம். தொடர்ச்சியாக.

வாங்க: பால், பற்பசை, தொண்டைக்கு மிட்டாய்.

மார்ச் 7, வியாழன்

குளிர். பேச்சுக்குக் குறிப்பு. அடா கார்வே, ஓஹையோ. தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். ஒரு நாயகி குதிரையிலிருந்து விழப் பயந்தபோது இவரை விழ வைத்தார்கள். நன்றாக விழுந்ததால் அடுத்த படத்தில் இவரே நாயகி. அதன்பின் எல்லாப் படத்திலும் கணவன் கைவிடுவான், பனி கொட்டும். பேசும் படம் வந்ததும் குரல் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். (என் குரலை இங்கே யாரும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை.) ஓர் ஆங்கிலேயரைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார். அதற்குமேல் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பழைய புத்தகம். காலமானார் என்று எழுதிக்கொண்டேன். பத்திரிகைக்காரன் புத்தி: செய்தியில்லாதவர் செத்தவர்.

கீழ்வீட்டுக் கந்தையா அண்ணை, வாடகைக்கு அறை தந்தவர், கோயில் சபைச் செயலாளர், படியில் மறித்தார்.

"எத்தினை பேர் வருவினம்?"

"தெரியாது அண்ணை."

"அப்ப நாங்களும் வாறம். செத்த மனிசி எண்டுறீர். அஞ்சலி இல்லாமல் கூட்டம் துவங்கேலாது."

மறுக்கவில்லை. வருகிற இரண்டு பேரை எப்படி மறுப்பது?

மார்ச் 9, சனி

வெயில், ஏதோ தவறுதலாக. வந்தவர்கள் ஒரு டசின் இருக்கும், ஹீட்டருக்காக வந்தவர்கள் உட்பட. அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா வெள்ளைக் கார்னேஷன் பூவில் மாலை கட்டிக்கொண்டு வந்து, நான் பெரிதாக்கி வைத்திருந்த அடாவின் படத்துக்குப் போட்டார். முன்னால் குத்துவிளக்கு. நெருப்பு கூடாது என்று நூலகப் பெண் சொன்னதால் ஏற்றவில்லை. அண்ணை எழுந்து, அம்மையாருக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். அத்தனை பேரும் எழுந்தார்கள். முறையாகக் கேட்டால் ஆங்கிலேயர் எதற்கும் எழுந்து நிற்பார்கள்.

முன்வரிசையில் சக்கர நாற்காலிக் கிழவி மட்டும் எழவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேசினேன். நடுங்கவில்லை. "மறக்கப்பட்டவராகவே இறந்தார்" என்று முடித்தேன். கைதட்டல். கிழவியின் கைதட்டல்தான் பெரிது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் கிழவியுடன் வந்த தாதி, மலேசியத் தமிழ்ப் பெண், என்னை ஓரமாக அழைத்தாள்.

"அங்கிள், இவங்கதான் அந்த அடா. எங்க முதியோர் ஹோம்ல இருக்காங்க, ரெண்டு தெரு தள்ளி. நோட்டீஸ் பாத்துட்டு வந்தே ஆகணும்னாங்க. காது சுத்தமா கேக்காது லா. நீங்க கொன்னது அவங்களுக்குத் தெரியாது."

அடா என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் தனக்காக எழுந்து நின்றதேயில்லையாம். படம் வேண்டும், மாலையோடு. செவ்வாய்க்கிழமை தேநீருக்கு வரவேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணை தலையில் கை வைத்தார். "உயிரோட இருக்கிற மனிசிக்கு மாலை போட்டிட்டமே."

"செத்ததெண்டு கதை வந்தா ஆயுள் கூடுமாம். பேசாமல் வாங்கோ," என்றார் அக்கா.

மார்ச் 10, ஞாயிறு

மூட்டம். எங்கள் வீடுகளில் எந்தப் படத்துக்கு மாலை போடுவோம் என்று அடாவுக்குச் சொல்வதா, விடுவதா? சொன்னால் இந்த நகரத்தில் எனக்கு வந்த முதல் தேநீர் அழைப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஒருவருடைய மரண அறிவித்தல் அவர் தலைக்குமேலே தொங்கும், அவர் அதன்கீழ் பிஸ்கட் தருவார்.

சட்டை இஸ்திரி போட்டேன். இரண்டு தரம்.

மார்ச் 12, செவ்வாய்

காற்று. ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். கட்டிலுக்கு மேலே படம், மாலையோடு. அடா பேசுவார், நான் தாளில் எழுதிக் காட்டவேண்டும். அவருடைய குரலைக் கேட்டேன். கொஞ்சம் வாத்துக் குரல். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நான் எழுதியதைப் படித்து இரண்டு இடத்தில் சிரித்தார். என் எழுத்துக்கு யாராவது சிரித்து எவ்வளவு காலம்.

பிறகு எழுதினேன்: எங்கள் ஊரில் மாலை போட்ட படம் என்றால். அங்கே பேனா நின்றது.

அவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"தெரியும். நீ பேசி முடிக்குமுன்பே இந்தப் பெண்ணிடம் யார் செத்தது என்று கேட்டேன். 'நீங்கள்தான்' என்று எழுதிக் காட்டினாள்."

தாதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூ கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். இது வாடிவிட்டது, பார்."

வரும் செவ்வாய்க்கு: அக்காவிடம் புது மாலை கேட்க. வெள்ளை வேண்டாமாம், சிவப்பு. தாள் கட்டு, பெரியது.