மேகத்துக்குள் நின்று சிரிக்கிறவன்

தெற்கு யூட்டா,
9 ஜூன் 1953.

தம்பி ஆர்விலுக்கு அக்கா தோரா எழுதுவது.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அத்தான் வெர்லின் ஆடுகளில் பாதி செத்துவிட்டன. குட்டிகள் உடம்பில் கம்பளியே இல்லாமல் பிறந்து அன்றே போய்விடுகின்றன. பார்க்க வந்த சர்க்கார் ஆள் உதட்டைப் பிதுக்கி, "புல்லு போதாம செத்திருக்கு" என்றாராம். பிறந்ததிலிருந்து ஆட்டோடு இருக்கிற மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது?

உன் மருமகள் நெல்டாவின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கு நீ அட்டைப்படம் வரைந்து அனுப்பிய காமிக்ஸ் புத்தகம் மார்ச்சில் வந்து சேர்ந்தது. அட்டையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டையைக் கிழித்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

போர் முடிந்த வருஷம் நீ வரைந்த முதல் அணுகுண்டு அட்டை எனக்கு நினைவிருக்கிறது. சுரங்கத்தில் வைக்கிற வெடி மாதிரி மஞ்சளாக, முள்முள்ளாக இருந்தது. பிறகு பத்திரிகைப் படங்களைப் பார்த்துக் காளான் போட்டாய், ரத்தச் சிவப்பில். ஏன் அந்தச் சிவப்பு என்று கேட்டதற்கு, கடையில் தள்ளி நிற்கிறவன் கண்ணையும் பறிக்க வேண்டும், முதலாளி உத்தரவு என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பார்க்காமல் வரைந்தாய், போகட்டும்.

போன வருஷம் இங்கே வந்து, சர்க்கார் குண்டு வெடித்துச் சோதிப்பதை நேரிலேயே பார்த்தாயே. விடியற்காலையில் எங்களோடு மேட்டில் உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் வானம் வெளுத்ததையும், இளஞ்சிவப்பு மேகம் நம் தலைக்கு மேலே நகர்ந்ததையும் பார்த்தாய். "அக்கா, இத்தனை நாளும் கலரைத் தப்பாப் போட்டுட்டேன்கா" என்றாய். அன்று சாயங்காலம் நாக்கில் இரும்பு ருசிக்கிறது என்று சொல்லித் துப்பிக்கொண்டே இருந்தாய். அதெல்லாம் தெரிந்தவன் ஊருக்குப் போய்க் கலரை மட்டும் திருத்தினாய். நெல்டா ஒட்டிய அட்டையில் அச்சு அசலாக எங்கள் மேகம். அதன் நடுவில் நீலச் சட்டைக்காரன் ஒருவனை நிறுத்தினாய். கையை விரித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அணு உடம்பில் பட்டால் பலம் ஏறுமாம் அவனுக்கு. உனக்கு வெட்கமாக இல்லையா?

மே மாதம் அதே நிறத்தில் ஒரு மேகம் வந்து எங்கள் மேலேயே நின்றது. சலித்த மாவு மாதிரி சாம்பல் விழுந்தது. ரேடியோக்காரன் வீட்டுக்குள் போகச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் துணியெடுக்க ஓடினேன். கொடிக்கு அந்தப் பக்கம் நெல்டா கையை விரித்து, முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி நின்றாள். "அம்மா, எனக்குப் பலம் ஏறுது" என்றாள். முதுகில் ஒன்று வைத்து இழுத்து வந்தேன். "மாமா பார்த்துட்டுத்தானேம்மா வரைஞ்சாரு" என்று அழுதாள்.

ஒரு வாரத்தில் கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. எது கொடுத்தாலும் வாந்தி. அவளுக்கு வெயில் சுட்டிருக்கிறது என்றார் டாக்டர்; எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சியாம். போன ஞாயிறு பிஷப் வந்து அவள் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார். கையை எடுத்தபோது விரல்களோடு முடி கொத்தாக வந்தது. அவர் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டவர், வாசல் தாண்டும்வரை வெளியே எடுக்கவில்லை.

"கூலிக்கு வரையறவனை ஏன்டி திட்டுற? குண்டு போடறவனைத் திட்டு" என்கிறார் வெர்ல். காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஊருக்கு இளைத்தவர்கள் நாங்கள்தானே. அவர்களுக்கு எழுதினால் யார் படிப்பார்கள்? நீ படிப்பாய். அதனால்தான் உன்னைத் திட்டுகிறேன்.

அந்த அட்டையைக் கிழித்து அடுப்பில் போடப் போனேன். நெல்டா விடவில்லை. நேற்று என்னை அருகில் கூப்பிட்டு, "நீலச் சட்டைக்காரருக்கும் முதல்ல இப்படித்தான் வந்திருக்கும், இல்லம்மா? அப்புறம் எப்படிச் சரியாச்சுன்னு மாமாகிட்ட கேட்டு எழுது" என்றாள். நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவளுக்கு நீயே பதில் எழுது. என்ன எழுதுவாயோ எனக்குத் தெரியாது. அவள் தானே படித்துக்கொள்வாள். ஆண்டவர் உன் கைகளுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். சாதாரணத் தபாலில் போடாதே தம்பி, விமானத் தபாலில் போடு.

உன் அக்கா,
தோரா