பத்துக்கு மூன்று

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கிறார். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் போனில், ஆபீசில் வருட மதிப்பீட்டில் உன்னை ‘எதிர்பார்த்த அளவுக்கு இல்லை’ என்று எழுதிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, உடனே அங்கே மழை பெய்கிறது என்று பேச்சை மாற்றினாயே, அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் ஆறுதல் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். முதலில் என் மானம் கப்பலேறிய கதையைக் கேள்.

விடுமுறைக்கு வந்தபோது ஆசிரியர்களின் இணையக் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டுப் போனாய் அல்லவா. நாற்பது பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள் அதில். ஒவ்வொருவரும் தான் நடத்தப்போகும் பாடத்தை எழுதி ஒரே கோப்பில் போட வேண்டும், மற்றவர்கள் படித்துவிட்டுக் கீழே கருத்துச் சொல்ல வேண்டும். நான் என்ன நினைத்தேன் என்றால், வகுப்பு நோட்டுக் கட்டு மேசைக்கு வருவது போல எனக்கென்று ஒரு பிரதி வந்திருக்கிறது என்று. இருபத்தாறு வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? சனி ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதுவரை வந்திருந்த முப்பத்து நான்கு பாடத்தையும் திருத்தித் தள்ளிவிட்டேன். எழுத்தைச் சிவப்பாக்க எங்கே அமுக்க வேண்டும் என்று நானாகவே கண்டுபிடித்ததில் ஒரே பெருமை வேறு. பிழைகளை அடித்தேன், நடுநடுவே ‘கவனம்’ என்று எழுதினேன், அடியில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுத் தேதியும் வைத்தேன். ஒரு தலைமை ஆசிரியர் அழகாகத் தட்டச்சு செய்து போட்டிருந்த பாடத்துக்குக் கீழே ‘கையெழுத்து இன்னும் நன்றாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறேன். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது, நான் என்ன செய்ய. எல்லாவற்றையும்விட மோசம் இதுதான். கடலோரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரேதான், நாலே நாலு வரியில் பாடம் எழுதியிருந்தார். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போவேன், ஒரு படகைச் சாணால் அளக்கச் சொல்வேன், ஆளுக்கொரு விடை வரும், யார் சொல்வது சரி என்று சண்டை போட விடுவேன். அவ்வளவுதான். தலைப்பு எங்கே, நோக்கம் எங்கே, எத்தனை நிமிடம் என்று கேட்டுப் பத்துக்கு மூன்று போட்டேன். நாலுக்குக் கீழே வாங்கும் பிள்ளைகளுக்கு வழக்கமாக எழுதுவது போலவே ‘பெற்றோர் கையொப்பம் வாங்கி வரவும்’ என்றும் எழுதிவிட்டேன். அவருக்கு ஐம்பது வயதடி.

திங்கட்கிழமை காலை எங்கள் பள்ளி ஓவிய டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். டீச்சர், இது எல்லாரும் பாக்குற ஃபைல், உங்க சிவப்பு நாப்பது ஸ்கூல்லயும் தெரியுது என்றாள். குழுவில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள், ஒருவர் நம் பிள்ளைகள் மாதிரியே, ஏழரை போட்டிருக்கீங்க, எட்டாக்கிடுங்க டீச்சர் என்று கெஞ்சினார், எனக்குச் சிவப்புப் பேனா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கடலோர ஆசிரியரிடமிருந்து மட்டும் பேச்சு மூச்சு இல்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவருடைய ஒன்பது பிள்ளைகளும் என் நாலாம் வகுப்பும் திரை வழியாகச் சேர்ந்து உட்காரும் வகுப்பு ஒன்று ஏற்பாடாகியிருந்தது. மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. மனுஷன் நொந்துபோயிட்டார் போல என்று யாரோ எழுதினார்கள். என் பிள்ளைகளோ தினமும், டீச்சர் கடல் பசங்க வருவாங்கல்ல என்று உயிரை எடுத்தார்கள், இருபத்தெட்டு பேரும் ஆளுக்கொரு கேள்வி எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா சமாதானம் சொல்லும் லட்சணம் தெரியுமே, நல்லவேளை டாக்டருங்க எழுதுற சீட்டு உன் கைக்கு வரதில்ல என்றார்.

புதன்கிழமை மனசு கேட்காமல் அவருடைய நாலு வரிப் பாடத்தை நானே நடத்திப் பார்த்தேன். படகுக்கு எங்கே போவது, வகுப்புக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தைச் சாணால் அளக்கச் சொன்னேன். ஒருவன் நூற்றுப் பத்து என்கிறான், ஒருத்தி நூற்று முப்பத்தாறு என்கிறாள், நீ ஏமாத்தற, உன் விரல் குட்டை என்று ஒரே அமளி. சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை ஓடிவந்தார், வந்தவர் புடவையை இடுக்கிக்கொண்டு தானும் குனிந்து அளந்தார், அவருக்கு வேறு விடை. கடைசியில் ஒரு வாயாடி, எதுக்கு சண்டை, எல்லாரும் டீச்சர் கையாலயே அளந்துடலாமே என்றாள். அளவுகோல் ஏன் வேண்டும் என்பதற்கு இத்தனை வருடமும் நான் விடையைச் சொல்லி எழுத வைத்திருக்கிறேன், அன்றைக்கு அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றை அடித்துவிட்டு ஒன்பதரை போட்டேன். தலைப்பு எழுதாததற்கு அரை மார்க் குறைத்தேன், நியாயம் நியாயம்தானே.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு படம் வந்தது. அவருடைய பாடத்தாளை நான் முதலில் திருத்தியபடியே அச்செடுத்திருந்தார், மூன்று மார்க்குக்குக் கீழே நடுங்கும் எழுத்தில் ஒரு கையெழுத்து. கூடவே எழுதியிருந்தார், அப்பா அக்கரைல இருக்கார், ஞாயித்துக்கிழமைதான் படகு கிடைச்சது, கையொப்பம் வாங்காம எந்த மூஞ்சியோட உங்க முன்னாடி வர்றது டீச்சர், லேட்டுக்கு மன்னிக்கணும் என்று. நான் சிரித்த சிரிப்பில் ஓவிய டீச்சர் பயந்துபோனாள். அப்புறம் அடுத்த வரியைப் படித்தேன். பத்தொன்பது வருஷமா நான் எழுதுற பாடத்தை யாரும் கடைசி வரி வரைக்கும் படிச்சதில்ல, நீங்கதான் முதல் ஆள் என்று இருந்தது. அவருடைய அப்பா என்ன சொன்னார் தெரியுமா? தாளை வாங்கி மூன்றைப் பார்த்தாராம், ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம், பிறகு சாப்பிட்டியாடா என்று கேட்டாராம். அங்கே நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மணி அடித்ததும் வகுப்புக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு நடந்தது. திரையில் ஒன்பது பேரும், பின்னால் படகும், காற்று போட்ட கூச்சலும். உங்கள் தாழ்வாரம் பெரிதா எங்கள் படகு பெரிதா என்று இரண்டு பள்ளிக்கும் சண்டை மூண்டு, உன் சாண் எவ்வளவு என் சாண் எவ்வளவு என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளங்கையைத் திரையில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி முழுக்கக் கைரேகை, நான் துடைக்கவே இல்லை.

இப்போது உன் விஷயம். அந்த மதிப்பீட்டை எழுதியவர் உன் வேலையைக் கடைசி வரி வரைக்கும் படித்தாரா என்று கேள். படித்திருந்தால் அவர் சொன்னதில் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள், படிக்கவில்லை என்றால் உட்கார்ந்து படிக்கச் சொல். நானே நாலே நாளில் மூன்றை ஒன்பதரை ஆக்கியவள்தான், மார்க் போடுகிறவர்களின் லட்சணம் எனக்குத் தெரியாததா. குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் விளங்க வேண்டும், நீண்ட ஆயுசோடு சிரித்த முகமாக இரு. உன் மதிப்பீட்டுத் தாளை அனுப்பாமல் ஒளித்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கையெழுத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன். பக்கத்தில் கோணலாக இருப்பது உன் அப்பாவுடையது.

பார்த்தோம்.
பெற்றோர் கையொப்பம்: அம்மா, அப்பா

சாப்பிட்டாயா?