புளி போட்டுத் துலக்கிய கம்பி

பாப்பாரப்பட்டி,
3.4.1975

அன்புள்ள செபாஸ்டின் அண்ணனுக்கு,

தங்கை பாக்கியமேரி வணக்கத்துடன் எழுதுவது. பட்டாளத்தில் உங்களுக்கு வெயில் எப்படி? இங்கே ஆடு உட்பட எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆட்டைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஈஸ்டர் விடுமுறைக்கு வரும்போது, பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே பிளாட்டினக் கம்பி, பேட்டரி, முள் ஆடும் மீட்டர். ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைசலில் விட்டுக் கம்பியை முக்கினால், சர்க்கரைக்குத் தக்கபடி மின்சாரம் ஓடி முள் ஏறும். வெயிலில் கெட்டுப்போகிற என்சைம் எதுவும் வேண்டாம். அப்பாவின் கால் புண் பொங்கலிலிருந்து ஆறவில்லை, அதனால்தான்.

அப்பாவுக்குப் பார்த்தேன். முள் கடைசிக்கே போய்விட்டது. அவர் நம்பவில்லை. பக்கத்து வீட்டு உபதேசியார் கஸ்பார் மாமாவுக்குப் பார்த்தேன், அவருக்கும் கடைசி. அம்மாவுக்கும் அப்படியே. உடனே அப்பா ஆட்டை இழுத்து வந்து, இது காதுல குத்து பாப்பா என்றார். அதற்கும் கடைசி! பட்டம் வாங்குன புள்ள சொல்லிருச்சு, நம்ம வூட்டு ஆட்டுக்கும் சர்க்கரை வியாதிங்க என்று தெருவையே கூட்டிவிட்டார். நான் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன்.

அங்கே அம்மா கம்பியைத் துலக்குவதைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெட்டி வந்த அன்றே அம்மா, கம்பி மங்கலா கெடக்குதே என்று, மாதா சுரூபத்து மெழுகுவத்தித் தண்டோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் பார்த்த பிறகும் அதே துலக்கல். புளியிலேயே சர்க்கரை உண்டு, அண்ணா. நான் அளந்தது கொல்லைப் புளியமரத்தை.

கம்பியை நெருப்பில் காட்டி, கழுவி, மறுபடி பார்த்தேன். மாமாவுக்கு முள் இறங்கியது. அம்மாவுக்கும் இறங்கியது. ஆட்டுக்கும் இறங்கியது.

அப்பாவுக்கு மட்டும் இறங்கவில்லை.

இப்போது யார் நம்புவார்கள்? இன்னொருக்கா புளி போட்டுப் பாரு என்று அப்பா சிரிக்கிறார். என் பெட்டி தப்பாகவும் இருக்கலாம். தருமபுரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிடலாம் என்றால், முதல்ல ஆட்டைக் கூட்டிட்டுப் போ என்கிறார். வீட்டில் வெல்லக் காப்பியை நிறுத்தினோம். அப்பா மாமா வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறார். புண்ணின் ஓரம் கறுத்திருக்கிறது.

எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றால், நொண்டிக்கொண்டாவது தருமபுரி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார். ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். உங்கள் கையை அவர் உதறமாட்டார்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும். நான் நேற்றே பெங்களூர் போயிருக்க வேண்டும். போகவில்லை.

உங்கள் தங்கை,
பாக்கியமேரி