முத்திரை குத்தாத டிக்கெட்

துல்லியோ,

நீ அறையைத் தாழிட்டுக்கொண்டதால் தட்டாமல் கிளம்புகிறேன். சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. சாவியை மேல்வீட்டு செசீராவிடம் கொடுத்துவிடு, பூனையை அவள் பார்த்துக்கொள்வாள்.

"மக ஆபரேஷனுக்குப் போறதுக்குக்கூட ஆமை ரயில்தானா? கஞ்சப் பிசினாறி! நான் வரல போ!" என்று நேற்றுக் கத்தினாயே. கஞ்சத்தனம் இல்லை. வேக ரயிலில் மலிவு டிக்கெட் எடுத்தால் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும், தவறவிட்டால் போச்சு. ஆமை ரயில் டிக்கெட்டில் ஸ்டேஷன் மெஷின் முத்திரை விழும்வரை, இன்று ஃபிளாரன்ஸ் போகும் எந்த ஆமை வண்டியிலும் ஏறலாம். உன் கோபம் இறங்க மதியம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

உன் டிக்கெட் ரொட்டிக் கூடையில் இருக்கிறது. பிராட்டோவில் வண்டி மாறணும். மறக்காமல் முத்திரை குத்திவிட்டு ஏறு. போன தடவை மறந்து, அபராதமும் கட்டி, பரிசோதகரிடம் சண்டையும் போட்டாய்.

நம் நீவெஸ் தன் கல்யாணத்தை முறித்தது தப்பென்றே வைத்துக்கொள். பெற்ற மகளோடு நீ இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது போதாதா? சாயங்காலம் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் வா.

ஓர்னெல்லா

வாசலில் உன் கறுப்பு ஷூவைப் பார்த்தேன். யாருக்காக பாலிஷ் போட்டாய்?

இன்னொன்று. நீ வருகிறாயா என்று அவள் கேட்கவில்லை. "ஜன்னலோரப் படுக்கையா கேட்டு வாங்கிட்டேம்மா. இங்கிருந்து ரயில் வர்றது தெரியுது" என்று மட்டும் சொன்னாள்.