மூடியைத் திறக்க வேண்டாம்

14, சேப்பல் தெரு
ஜனவரி 9, இரவு ஒன்றே கால்

அன்புள்ள கெத்தின்,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மாலி கண்ணை மூடினால்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைக்கிறது, இப்போதுதான் மூடினாள்.

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிட்டது. நேற்றுக் காலையிலிருந்து அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. ரேடியேட்டர் ஒவ்வொன்றும் கல் மாதிரி. எட்டு மாதக் குழந்தையைப் பனிக்கோட்டோடு தொட்டிலில் போட்டிருக்கிறேன். அரை மணிக்கொரு தரம் போய் அவள் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்க்கிறேன். எந்த ராஜா எந்த வருடம் செத்தான் என்று கேள், சொல்கிறேன். அதற்குத்தான் மூன்று வருடம் கல்லூரிக்குப் போனேன். இந்த வெள்ளைப் பெட்டி ஏன் செத்தது என்று தெரியவில்லை.

ஆள் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். பதிவு இல்லாமல் எரிவாயு வேலை செய்தாய் என்பதுதானே உன்மேல் வழக்கு. வருகிறவன் "இதை யாரு மாட்டினது?" என்றுதான் முதலில் கேட்பான். நான் என்ன சொல்ல? நீயே சொல்.

உன் நெரிஸ்


ஜனவரி 13

என் நெரிஸ்,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. நான்கு நாள் குளிரில் இருந்திருக்கிறீர்கள். எனக்கு இங்கே சிறை அறையில் ரேடியேட்டர் கொதிக்கிறது, அணைக்க வழியில்லை. பாதிச் சூட்டை உறையில் போட்டு அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுவேன்.

பயப்படாதே, சின்ன விஷயம். தண்ணீர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பாய்லருக்கு அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட குட்டைக் குழாய் ஒன்று, இரண்டு முனையிலும் கறுப்புத் திருகு. இரண்டையும் மெதுவாகத் திற, சீறும். முள் ஒன்றைத் தாண்டி ஒன்றரைக்குள் வந்ததும் இரண்டையும் இறுக்கி மூடு. பிறகு பொத்தானை அமுக்கிப் பிடி, எரியும்.

இரண்டு விஷயம். பாய்லரின் முன்மூடியைக் கழற்றாதே. நீயும் கழற்றாதே, வேறு யாரையும் கழற்ற விடாதே. ஆள் கூப்பிட வேண்டாம். பிப்ரவரி 4 விசாரணை முடியட்டும். அதுவரை போதும்.

சின்ன எலிக்கு என் முத்தம்.

கெத்தின்


14, சேப்பல் தெரு
ஜனவரி 17

அன்புள்ள கெத்தின்,

நீ சொன்னபடியே செய்தேன். சீறியபோது கையை எடுத்து ஓடிவிட்டேன், திரும்ப வந்து மூடினேன். எரிந்தது! இந்தத் தடவை ராத்திரியிலும் அணைக்கவில்லை. மாலிக்கு அன்று மேல்சட்டை மட்டும்தான். காலை உதைத்து உதைத்துச் சிரித்தாள். நானும் வெகுநாள் கழித்து விடிய விடியத் தூங்கினேன். எழுந்தபோதுதான் தலை இரும்பாய்க் கனத்தது, முந்தின இரவு ஒரு குடம் சைடர் மது குடித்தவள் மாதிரி. தூங்கிப் பழக்கம் விட்டுப் போயிற்று போலிருக்கிறது. மாலியும் எழ மாட்டேன் என்று கிடந்தாள். மூன்று காலையாக இப்படித்தான்.

ஆனால் சூடு ஏற ஏற முள்ளும் ஏறுகிறது. மூன்றைத் தொட்டதும் வெளிச்சுவரில் செப்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆறினால் முள் மறுபடி பூஜ்யம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரப்புகிறேன். கொட்டிய தண்ணீர் நடைபாதையில் உறைந்து, நேற்று பக்கத்து வீட்டு ஐட்வல் வழுக்கி விழுந்தார். ஓடிப் போய்த் தூக்கினேன்.

"ஏம்மா, ஊரெல்லாம் சூடேத்தப் போனவன் பொண்டாட்டிக்கு மட்டும் சறுக்கு மைதானம் கட்டிக் கொடுத்திருக்கானா?"

"மன்னிச்சுக்குங்க மாமா, உப்பு போடுறேன்."

"உப்பு என்னத்துக்கு? ஒரு ஆளக் கூப்பிடு."

"அவர் எழுதியிருக்கார், நானே சரி பண்ணிடுவேன்."

"எழுதியிருக்கானா! ஹவெல்ஸ் வீட்டு பாய்லரையும் அவன்தான் சரி பண்ணிக் கொடுத்தான். அந்த மனுஷன் இன்னிக்கு வரைக்கும் சொந்தப் பொண்டாட்டி பேரைத் தேடிக்கிட்டுக் கிடக்கான்."

ஹவெல்ஸ் வீட்டுப் புகைக்குழாயைக் காக்கைக்கூடு அடைத்துவிட்டது, அதனால்தான் நச்சுப்புகை உள்ளே திரும்பியது என்று நீ சொன்னதைச் சொன்னேன். ஐட்வல் கோட்டைத் தட்டிக்கொண்டு, "காக்கையா? சரி, காக்கைதான்" என்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு நீ ஒரு வழி சொல்ல வேண்டும்.

நெரிஸ்


ஜனவரி 21

நெரிஸ்,

அவசரமாக எழுதுகிறேன். பாய்லருக்குப் பக்கத்தில் நான் மாட்டிய சிவப்புக் குண்டுக் கலம் இருக்கிறதல்லவா, அதில் காற்று இறங்கியிருக்கும். சூட்டில் தண்ணீர் விரியும்போது அந்தக் காற்றுதான் இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி வெளியே கொட்டும். கலத்தின் அடியில் சைக்கிள் டயருக்கு இருப்பது போல ஒரு வால்வு. பாய்லரை அணைத்து ஆற விட்டு, வால்வு ஊசியை நகத்தால் அமுக்கு. காற்று வந்தால் நல்லது. எப்படி அடிப்பது என்று அடுத்து எழுதுகிறேன், என் சைக்கிள் பம்பே போதும். தண்ணீர் வந்தால் உள்சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தையே மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வந்தால் கலத்தோடு விட மாட்டான். மூடியைத் திறந்து பார்ப்பான், ஆபத்து, ஏற்றாதே என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவான், எழுதி மேலே அனுப்புவான். அதுதான் அவர்கள் வழக்கம். பதினான்கு நாள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. பாய்லர் எரியும்போது சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வை. ராத்திரியிலும். மறக்காதே.

கெத்தின்


ஐட்வல் வீடு, 16, சேப்பல் தெரு
ஜனவரி 25, இரவு

கெத்தின்,

ஊசியை அமுக்கினேன். தண்ணீர்தான் வந்தது. கறுப்பாய், துரு நாற்றத்தோடு, முழங்கை வரை வழிந்தது.

பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசி வரிகளை நாலைந்து தடவை. குளிர் தாங்காத குழந்தை இருக்கிற வீட்டில், ஜனவரி மாதத்தில், ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வை என்கிறாய். முதல் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. நடுவில் நான் எழுதியதில் ஜன்னலுக்குச் சம்பந்தமுள்ளது தலைவலி ஒன்றுதான்.

எரிவாயுத் திருகை அப்போதே மூடிவிட்டேன். மருத்துவர் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார், எத்தனை நாளாக என்று கேட்டார். பிறகு, அந்த வீட்டில் இனி அடுப்புகூட ஏற்றக் கூடாது என்றார். மாலி இங்கே ஐட்வலின் முன்னறையில் கணப்புக்குப் பக்கத்தில் தூங்குகிறாள். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பொண்ணு அந்தக் கட்டில்ல படுத்துக்கட்டும், நான் நாற்காலியிலயே தூங்கிப் பழகினவன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு காலையாக எனக்குத் தலை கனக்கவில்லை.

இன்று பகலில் ஏணி வாங்கிப் போய் நம் புகைக்குழாயைப் பார்த்தேன். கூடு இல்லை. ஒரு சுள்ளி, ஒரு இறகு இல்லை.

ஹவெல்ஸ் வீட்டிலும் நம் வீட்டிலும் ஒரே வாரத்தில் மாட்டினாய். ஒரே வண்டியில் வந்த இரண்டு பெட்டிகள். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். நீ வேலை செய்யும்போது டீ கொண்டு வந்து கொடுத்தேன். "மூடி சரியா உக்காரலையேப்பா" என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? "இருக்கிற திருகு போதும்" என்றாய். நான் சிரித்தேன்.

இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். முன்பெல்லாம் வார்த்தையை எண்ணி எண்ணி எழுதினேன், இனி என்னால் ஆகாது.

வியாழக்கிழமை, 31ஆம் தேதி, பதிவு பெற்ற ஆள் வருகிறார். மூடியைத் திறப்பார். அவர் எழுதுவதை நான் தடுக்க மாட்டேன். அதற்காக நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள். உன்னைக் காப்பாற்றவும் எனக்குத் தெரியவில்லை, உன்னிடமிருந்து இவளைக் காப்பாற்றவும் எனக்குத் தெரியவில்லை, கையில் இருப்பது இந்தப் பேனா ஒன்றுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஹவெல்ஸ் ஆம்புலன்ஸில் போன அன்றே நம் பாய்லரைப் பற்றி உனக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு இரண்டு மாதம் நீ எங்களோடு அந்த வீட்டில்தான் தூங்கினாய். கோடை, பாய்லர் எரியவில்லை, சரி. குளிர்காலம் வருமே என்று ஒரு நாளாவது நினைத்தாயா?

அந்த ஆள் வாயால் கேட்பதற்கு முன்னால் உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும். புதன்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி, சீக்கிரம் பதில் போடு.

நெரிஸ்