நீலக் கம்பி சுற்றிய கத்தி

மகனுக்கு,

உன் வலது காலை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா வந்து சொன்னாள். நான் பார்க்க வராததை மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் நிற்கிறது, எனக்குத் துணிவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு பத்துக்கு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, அம்மா மீன் அரியும் கத்தியை எடுத்துப்போனார். ஐந்து மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் உன்னைச் சுட்டார்கள். நீ கத்தியோடு வெட்ட வந்தாயாம். டிவியில் அந்தக் கத்தியைக் காட்டினார்கள். பிடியில் நான் சுற்றிக் கொடுத்த நீலக் கம்பி அப்படியே இருந்தது.

தெருவில் வெடி வெடித்தார்கள். போன மாதம் நீ கன்னத்தில் அறைந்தாயே, மீன்காரி ரோஸ்மேரி, அவள் லட்டோடு வந்தாள். "தெருவுக்கே பேஜாரு வுட்டுது சாரு, வாயத் தொற" என்றாள். திறந்தேன். விழுங்கியும் விட்டேன்.

நாளை மாஜிஸ்திரேட் நம் இருவரையும் விசாரிக்கிறார். அவரிடம் கொடுக்க நேரத்தையெல்லாம் குறித்து வைத்திருந்தேன். இன்று காலை இன்ஸ்பெக்டர் என் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நிதானமாகப் படித்தார்.

"வாத்தியாரு கையெழுத்து சோக்கா கீது. சின்னவனுக்கும் ரெண்டு காலு கீது இல்ல சார்?"

தாளை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கத்தியை நீதான் வீட்டிலிருந்து எடுத்துப்போனாய் என்று சொல்லப்போகிறேன். நீயும் அப்படியே சொல்லிவிடு. படித்ததும் இதை அம்மாவிடமே கொடு, அடுப்பில் போட்டுவிடுவாள்.

உனக்கு ஒன்று போய்விட்டது. தம்பிக்கு இரண்டும் இருக்கட்டும்.

அப்பா