ஈறுக் கிருமி

அன்புள்ள அப்பாவுக்கு,

பெர்மாஸ் ஜெயாவில் நான் நலம். கெடாவில் உங்களுக்குக் கஞ்சியாவது இறங்குகிறதா?

நேற்று எங்கள் பல் கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு ஈறு சுத்தம் செய்தோம். "வாய்க் கிருமி உணவுக்குழாய்க்கு இறங்கி, அங்க இருக்குற புற்றுநோய வளர்க்கலாம்னு ஆராயுறாங்க. இன்னும் உறுதியில்ல லா," என்றார் டாக்டர். உங்களுக்கு வந்த அதே இடம். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "என் கன்னத்தையும் உறிஞ்சிட்டியேம்மா," என்று பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மென்மையான பிரஷ் அனுப்பியிருக்கிறேன். ஈறில் ரத்தம் வந்தால் உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். உங்கள் பழைய கைலி ஒன்றை அனுப்புங்கள், நான் போர்த்திக்கொள்ள.

வீடியோ காலில் இனித் துண்டால் வாயை மூடாதீர்கள், அப்பா. நாள் முழுக்க யார் யார் வாயையோ பார்க்கிறேன். உங்களுடையதை மட்டும் பார்த்ததே இல்லை.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

கத்தரின்